வாடையே இல்லை

தெப்ராவ் ஊரில் ஒரு நகப்பூச்சுக் கடை. நகம் அழகுபடுத்த வந்த கிளாரிசா மூக்கைப் பொத்தினாள்.

“அக்கா, மருந்து வாடை தலையைச் சுத்துது. கதவைத் திறங்களேன்.”

“ஏர்கோன் ஓடுது லா, திறந்தா குளிர் போயிடும். வாடையே இல்லையே!” என்றாள் பத்து வருஷமாகக் கடை நடத்தும் கஸ்தூரி, அவள் நகத்தை ராவியபடி.

வியாபாரத்துக்காக இப்படியா கூசாமல் புளுகுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் கிளாரிசா.

அப்போது கஸ்தூரியின் கணவர் வசந்தன் உள்ளே வந்தார். மனைவியை அசத்த எண்ணி, பிளந்த டுரியான் பழத்தைச் சத்தமில்லாமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். அதன் கடும் நெடியில் கடையே மணத்தது. காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“வந்துட்டேன்மா,” என்றார்.

கஸ்தூரி நிமிரவில்லை. “டுரியான் கேட்டேனே, இந்த வருஷமும் மறந்துட்டீங்களா?”

சிரிப்பு நின்றது. வசந்தன் அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பழத்தையே பார்த்தார்.

பாதி நகப்பூச்சோடு கிளாரிசாவே எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.