கடைகள் திறக்கும் முன்

“மறுபடியும் நின்னுட்டியா?”

“அந்தச் செருப்பைப் பாரேன். குதிகால் எவ்வளவு ஒசரம்!”

“அதைப் போட்டுக்கிட்டு நீ எங்க ஆடப் போறே, கிழவா?”

மைரன் கடைக் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. லெஸ்யா கணவரின் தொப்பியில் இன்னும் உருகாமல் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

கடைகள் திறக்க நேரம் இருந்தது. கனடாவின் வின்னிபெக் நகரத்துக் குளிர்காலத்தில், நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்காக மட்டும் அந்த ஷாப்பிங் மாலின் பக்கக் கதவை விடிந்ததுமே திறந்துவிடுவார்கள்.

கண்ணாடிக் கூரையின்மேல் பனி மூடிக் கிடந்தது. அதன் வழியாக இறங்கிய வெளிச்சம் நீலமாக, பாதித் தூக்கத்தில் இருந்தது. உறைந்த ஏரிக்கு அடியில் மீன்கள் இப்படி ஒரு வெளிச்சத்தில்தான் நகரும் என்று லெஸ்யா நினைத்துக்கொள்வாள். வயதான, அவசரமில்லாத மீன்கள். கம்பளி போர்த்தியவை.

தினமும் அங்கே நடக்க வரும் வெர்னா, இரண்டு கையிலும் சின்ன டம்பெல்களோடு அவர்களைத் தாண்டிப் போனாள்.

“கடையையே விலைக்கு வாங்கப் போறீங்களா ரெண்டு பேரும்? வழியை விடுங்கப்பா!”

அவர்கள் மறுபடி நடந்தார்கள்.

நடப்பது லெஸ்யாவின் காலுக்காக. அவளுடைய இடது காலுக்கு ரத்தம் சரியாக இறங்குவதில்லை. கொஞ்ச தூரம் போனால் கெண்டைச்சதையை யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணிபோல் முறுக்குவார்கள். நின்றால் விட்டுவிடுவார்கள்.

மருத்துவர்கள் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள். முதலில் பெரோகிக் கொழுக்கட்டையின்மேல் ஊற்றும் கிரீமை விட்டாள். பிறகு பெரோகியையே விட்டாள். இப்போது பாவாடை இடுப்பில் நிற்பதில்லை, ஊக்கு குத்தியிருந்தாள்.

நடக்கவும் சொன்னார்கள். வசந்தத்துக்குள் கால் தேறாவிட்டால் கத்திதான்.

அவளுடைய அண்ணனுக்கும் சின்ன அறுவை என்றுதான் சொன்னார்கள். ஒற்றைக் காலோடு வீட்டுக்கு வந்தார். அதன்பின் அவர் வாங்கிய ஒவ்வொரு ஜோடிக் காலணியிலும் ஒன்று மட்டும் எப்போதும் புதிதாகவே இருந்தது.

நேற்று மருத்துவமனையில் நடைப்பயிற்சி சொல்லித்தரும் பெண், எடை பார்க்கும் கருவியைப் பார்த்துக் கைதட்டினாள். காலைச் சோதித்தபின் கைதட்டவில்லை.

“கால் அப்படியேதான் இருக்கு, லெஸ்யாம்மா. வலிக்க வலிக்க நடக்கிறீங்கதானே? வலி நல்லா ஏறினப்புறம்தான் நிக்கணும். அந்த வலியிலதான் ரத்தம் புது வழி தேடும்.”

“எனக்குத்தான் இப்பல்லாம் வலியே அவ்வளவா வர்றதில்லையே” என்று லெஸ்யா பெருமையாகச் சொன்னாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். மைரன் அப்போது வெளியே காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

பொம்மைக் கடை வந்தது, போனது. துணிக்கடைப் பொம்மைகள் அரையிருட்டில் ஒரு காலை முன்னே வைத்து நின்றன, அடுத்த அடிக்கு யோசிப்பவர்கள்போல.

இந்தக் குளிர்காலம் லெஸ்யாவுக்குப் பிடித்திருந்தது. நாற்பது வருடத்தில் தனக்கென்று ஒரு சட்டை வாங்கக்கூடக் கடைக்குள் நுழையாத மனிதர், இந்த வயதில் வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பொம்மை ரயிலைப் பார்த்து நிற்கிறார். மோதிரங்களைப் பார்த்து நிற்கிறார். தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள், “அவருக்கு இப்பதான் கனவு காண நேரம் கிடைச்சிருக்கு.”

கெண்டைச்சதையில் முதல் முடிச்சு விழுந்தது. சின்னதுதான். அவளுடைய அடி சற்றே சாய்ந்தது.

மைரன் நின்றார்.

“அடடா, இதப் பாரு. இந்த நிறம் உனக்கு நல்லா இருக்கும்.”

லெஸ்யா பார்த்தாள்.

அது காலிக் கடை. கோடையிலேயே மூடிவிட்டார்கள். உள்ளே ஓர் ஏணி, சுவரில் பெயர்த்தெடுத்த அலமாரிகளின் தடம், மற்றபடி இருட்டு.

எந்த நிறம் என்று கேட்க வாயெடுத்தாள்.

பின்னால் இருட்டு இருந்ததால் கண்ணாடியில் இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். ஒரு பருத்த கிழவர். இளைத்துவிட்ட ஒரு கிழவி. கிழவரின் கண்கள் கடைக்குள் போகவேயில்லை. கண்ணாடியில் தெரிந்த அவளுடைய இடது காலின்மேல் இருந்தன. உறைந்த ஏரிமேல் துளையிட்டு உட்கார்ந்து தூண்டில் மிதவையைப் பார்ப்பவர்போல, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அவள் கால் எடையை மாற்றி ஊன்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்புகள். மோதிரங்கள். ரயில்.

வலி வரும் வழியிலெல்லாம் இவர் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

முடிச்சு அவிழ்ந்தது. அவளுக்குத் தெரியும் முன்பே கண்ணாடியில் அவர் தோள்கள் தளர்ந்தன.

“சரி, போலாம் வா. இன்னும் நின்னா நம்மளைத் திருடங்கன்னு பிடிச்சுக் குடுத்துடுவாங்க.”

அவள் நகரவில்லை. எதிரே வழி நீளமாக, யாருமில்லாமல், நீலத்தில் போய்க் கரைந்தது. அதன் கடைசியில் வெர்னா ஒரு சின்னப் புள்ளியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

லெஸ்யா அவருடைய முழங்கையிலிருந்து தன் கையை எடுத்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கண்ணாடியில் இருந்தவரிடமே பேசினாள்.

“மைரன், இனிமே நீ முன்னால போ. அந்தக் கடைசி வரைக்கும், எங்கயும் நிக்காம. நான் பின்னாலயே வர்றேன். நான் முனகுவேன். உன்னைக் கூப்பிடக்கூடச் செய்வேன். திரும்பிப் பார்க்காதே. முடியுமா உன்னால?”