ரத்தத்தில் கூடிய வண்டிகள்

“பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எனக்கு ஸ்கேனா? மக கல்யாணத்தவிட என்ர வயிறு பெருசா?”

பக்கத்து வீட்டில் அவள் கத்தியது எங்கள் சமையலறையில் கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டோம்.

ஒட்டுச்சுவர். எங்கள் தப்பில்லை.

“மெதுவாப் பேசு புள்ள. தெருவே காது வெச்சிருக்குது.”

அவள் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். அவர் ரகசியம் பேசினாலும் ஹாரன்தான்.

விஷயம் இதுதான். சர்க்கரை இருப்பவர்களிடம் ஆராய்ச்சிக்கென்று மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து ரத்தம் எடுத்தார்கள். தெருவில் ஏழு பேர் கொடுத்தோம். அவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

வைட்டமின் ஏ-யை ரத்தத்தில் சுமந்து போகும் ஒரு புரதம். வண்டி மாதிரி. அவளுக்கு அது மிக அதிகமாம். சர்க்கரையிலும் கூடுமாம், ஈரலில் கொழுப்பு படிந்தாலும் கூடுமாம். சில புற்றுநோய்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எதற்கும் வயிற்றை ஸ்கேன் பண்ணிவிடுங்கள் என்றாராம் டாக்டரம்மா.

அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

அது மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக்கூடாது.

கடைசியில் அவரே வழி சொன்னார். “லோடு ஏத்தலீன்னா வண்டி தானா நின்னுரும்.”

தொழில் ஞானம்.

வைட்டமின் ஏ இருக்கிற கேரட் நின்றது. பப்பாளி நின்றது. கீரைக்காரி அவர்கள் வாசலில் குரல் கொடுப்பதையே விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் அவள் இளைத்தாள்.

கார்த்திகையில் இன்னும்.

“எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லுங்கக்கா” என்றோம். சிரித்தாள். சிரிப்பு கண் வரை போகவில்லை. ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள்.

நிச்சயதார்த்தப் பந்தியில் கேரட் பொரியலை இலை ஓரத்துக்கு ஒதுக்கினாள். சம்பந்தியம்மா பார்த்துவிட்டார்.

“புடிக்காதுங்க.”

அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

எதிர் வரிசையில் அவள் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த வளையலையே பார்த்தார்.

கை கழுவும் இடத்தில் அவர் குரல், அதிசயமாய், பக்கத்தில் நின்ற எங்களுக்கே பாதிதான் கேட்டது.

“நாளைக்கே ஸ்கேனுக்குப் போயிரலாம் புள்ள.”

“கல்யாணம் முடியட்டுங்க.”

தையில் மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை.

ஆனியில் வீட்டைக் காலி செய்துவிட்டு, மாலை போட்ட அவள் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் மகளோடு போய்விட்டார்.

தனக்கு ஒரு டீ போட்டுக் குடிக்கத் தெரியாத மனிதர்.