மூன்றாம் நாள் கிழங்கு

"திருடி! திருடி! எல்லாரும் ஓடி வாங்க!"

வறண்ட ஆற்றுமணலில் நின்று நெகேசா போட்ட கூச்சலில் முகாமே விழித்துக்கொண்டது.

அவளுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய மணல்திட்டு அது. அதன் நடுவே, முகாமில் தண்ணீர் சுமக்கும் சம்புரு இனத்துப் பெண் நைசூலா மண்டியிட்டிருந்தாள். முழங்கை வரை மண். மடியில் நான்கு காட்டுக்கிழங்குகள்.

"ரெண்டு நாளா இந்த மண்ணைத் தோண்டித்தான் வயித்தைக் கழுவுறேன். இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. விடியறதுக்குள்ள வந்து சுரண்டுறாளே, நியாயமா?"

"முந்தாநாள் பசியில மயங்கி விழுந்தவளுக்கு இப்பத் தொண்டையைப் பாரு!" என்று சிரித்தான் சக ஊழியன் ஒச்சோலா.

நெகேசா சிரிக்கவில்லை. மூன்று நாள் காட்டில் தானே உணவு தேடிப் பிழைத்து முதலாவதாகத் தேறுபவருக்குக் கிளை மேலாளர் பதவி என்று நைரோபியில் அவர்களது நிறுவனம் அறிவித்திருந்தது.

முகாம் நடத்தும் முசியோக்கா வந்தார். கிழங்குகளைக் கண்டதும் ஒரு கணம் அவர் முகம் மாறியது.

"என்ன நைசூலா இது?"

அவள் மடியிலிருந்த கிழங்குகளையே பார்த்தாள்.

"பேசேன்டி! நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றாள் நெகேசா.

"இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு" என்றார் முசியோக்கா.

நைசூலா கிழங்குகளை ஒவ்வொன்றாய் எடுத்து மணலில் வைத்தாள். துணியை உதறிப் போர்த்துக்கொண்டு நடந்தாள். மழை பொய்த்து மாடெல்லாம் மாண்டபின் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

'உங்க திட்டுல இருந்த கிழங்கு உங்களுக்கே' என்று முசியோக்கா நெகேசாவிடம் தீர்ப்புச் சொன்னார். அன்று போட்டிக்கு வந்த மற்ற ஒன்பது ஊழியர்களும் தங்கள் திட்டுகளில் மாலை வரை தோண்டியும் ஒரு வேர்கூட அகப்படவில்லை. நெகேசா மட்டும் தீ மூட்டி, கிழங்கைச் சுட்டு, கர்த்தருக்கு மனமுருகி நன்றி சொல்லி உண்டாள். முதலிடம் அவளுக்கே.

சான்றிதழ் வாங்கக் கூடாரத்துக்குள் போனவள் கேட்டாள்: "வேற யாருக்குமே கிடைக்கலியே. எல்லாத்தையும் அவளே தோண்டிட்டாளா?"

முசியோக்கா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"மேடம், ஆத்து மணல்ல ஏது கிழங்கு? மலையில எடுத்துட்டு வந்து ராத்திரி இங்க புதைக்கறதும் அவ வேலைதான். முதல் ரெண்டு நாள் மட்டும். கடைசிப் பரீட்சை கடினமா இருக்கணும்னு மூணாம் நாள் ஒண்ணுமே புதைக்கக் கூடாது."

"அப்ப அந்த நாலு?"

"அவ வீட்டுக்கு வச்சிருந்தது. எடுக்க வரல, உங்களுக்காகப் புதைக்க வந்திருக்கா. நீங்க மயங்கினப்பத் தூக்கினது அவதான். 'அந்தம்மா இன்னொரு நாள் பட்டினி தாங்காது'ன்னு நேத்து என்கிட்ட கெஞ்சினா. நான் முடியாதுன்னுட்டேன்."



"தெரிஞ்சுமா விரட்டினீங்க?"

"பத்துப் பேர் முன்னாடி வேறென்ன சொல்ல? புதைக்கிற கதை தெரிஞ்சா என் பிழைப்புப் போச்சு. அவ தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் இங்கதான் வேலை. அதான் அவளும் வாயை மூடிக்கிட்டா."

இன்னும் பெயர் எழுதாத சான்றிதழை அவர் ஒதுக்கி வைத்தார்.

"'நான்தான் தப்பாப் பாத்துட்டேன், கிழங்கு அவளோடது'ன்னு நீங்க வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஆளனுப்பிக் கூட்டிட்டு வந்துடறேன். ஆனா, கிழங்கு அவளோடதுன்னா முதலிடம் உங்களுக்கு இல்ல."

வெளியே ஒச்சோலா அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டத் தொடங்கியிருந்தான்.

நெகேசா மேசைமேலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என் பேரைப் பிழையில்லாம எழுதுங்க."