ஜூனா, அக்டோபரா?

“அக்டோபர் வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது?”

பாரி கத்தியதில், தேரடிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன டிராவல்ஸ் கடையில் காத்திருந்த இரண்டு பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

சங்கமித்ரா அசரவில்லை. தலையில் கட்டியிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஏன்யா கத்துற? பாட்டு கேக்கத்தான போறோம். சண்டைக்கா போறோம்?”

மேசைக்கு அந்தப் பக்கம் டில்லிபாபு. கடைக்காரன், பாரியோடு கல்லூரியில் படித்தவன். கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தான். திரையின் ஒரு பாதியில் போர்ச்சுகல்: கடற்கரையில் பிரம்மாண்டமான மேடை, ஜூனில் மூன்று நாள் விழா. மறுபாதியில் ஜப்பான்: ஏதோ ஒரு தீவில் தாளவாத்தியத் திருவிழா, அக்டோபர் கடைசி வாரம்.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டிருந்த பயணம் இது. வெளிநாட்டில் ஒரு பெரிய இசைவிழா, முன்வரிசை, நெஞ்சுக்கூடு அதிர ஸ்பீக்கர். ஒவ்வொரு வருடமும் தள்ளித் தள்ளிப் போனது.

போன செவ்வாய்க்கிழமை சங்கமித்ராவின் டாக்டர் பாரியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். “கேன்சர் ஈரலுக்குப் பரவிடுச்சு. ஆகஸ்ட் தாண்டுறது கஷ்டம். எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா சீக்கிரம் போயிட்டு வாங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மித்ராவிடம், “ரிப்போர்ட் நல்லா கீதாம்” என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து ஜூன், ஜூன் என்று அரற்றிக்கொண்டிருக்கிறான்.

“மித்து, போர்ச்சுகல்ல ஸ்டேஜுக்குக் கிட்டக்கவே சக்கர நாற்காலிக்குத் தனி எடம் கீதாம்.”

“எனுக்கு இன்னாத்துக்கு சக்கர நாற்காலி? ரிப்போர்ட் நல்லா கீதுன்னு நீதான சொன்ன?”

பாரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலில் கண்ணாடிக் கதவு நடுங்கியது.

அவள் டில்லிபாபுவிடம் திரும்பினாள். “ஏண்ணா, போர்ச்சுகல்ல துன்றதுக்கு இன்னா கெடைக்கும்?”

“ரொட்டி, மீனு, உருளக்கெழங்கு.”

“ஜப்பான்ல?”

“மூணு வேளையும் சோறுதான் தங்கச்சி.”

“பாத்தியா!” என்று பாரியின் தோளில் இடித்தாள்.

டில்லிபாபு சிரித்தான். “கரீட்டுதான். காலேஜ் டூர்ல டெல்லிக்கு இட்டுனு போனா, ரெண்டே நாள்ல சோறு சோறுன்னு அழுதான் உன் வூட்டுக்காரன். எங்க மானமே பூட்ச்சி.”

பாரிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மூன்று ஸ்பூன் கஞ்சியோடு கிண்ணத்தைத் தள்ளியவள், ஜப்பான் சோற்றைப் பற்றிப் பேசுகிறாள்.

“அக்டோபர்ல அங்க குளுரும்டி.”

“குளுந்தா ஸ்வெட்டர் போட்டுக்க வேண்டியதுதான்.”

“புயல் அடிக்கும்.”

“எண்ணூர்ல அடிக்காத புயலா?”

“கன்டெய்னர் யார்டுல எனுக்கு லீவு குடுக்க மாட்டானுங்க.”

“அப்ப கேளு, குடுப்பாங்க.” திரையைத் தொட்டுக் காட்டினாள். “இத்தப் பாரு. கடைசி நாள் யாரு வேணா மேடையேறி வாசிக்கலாமாம்.”

“நமக்கு இன்னா அதுல?”

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். பாரி தாளம் வாசிக்கும் ரிதம் பேட் பழைய போர்வைக்குள் பரணில் கிடந்தது. இவளுக்கு முதல் கீமோ ஏற்றிய வாரம் ஏற்றி வைத்தது. இரண்டு வருடமாகிறது.

“மாமு, சட்னு ஒண்ணு சொல்லு,” என்றான் டில்லிபாபு. “ஜூன்னா இன்னிக்கே விசாவுக்கு எழுதணும். நாளைக்குன்னா டைம் பத்தாது.”

பாரி நாற்காலியை இழுத்து அவள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். “ஜூன்ல போலாம்டி. உன் கால்ல வேணா வுழறேன். ஜூன்ல போலாம்.” குரல் உடைந்துவிட்டது.

காத்திருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மித்ரா அவனையே பார்த்தாள். பிறகு அவனுடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். விரல்கள் சொன்னபடி கேட்காததால் நேரம் பிடித்தது.

“அக்டோபர்,” என்றாள்.

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்ததும் விழுங்கிவிட்டான். டாக்டர்கள் தப்பாகச் சொன்னதே இல்லையா? அக்டோபருக்கு டிக்கெட் எடுத்துவிட்டால், அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டாவது இருந்துவிட மாட்டாளா?

“சரி. அக்டோபரே போடு,” என்றான்.

மித்ராவின் உடம்பு நாற்காலியில் தளர்ந்தது. பெரிய வேலை ஒன்று முடிந்ததுபோலக் கண்ணை மூடித் திறந்தாள்.

டில்லிபாபு கீபோர்டை இழுத்துக்கொண்டான். “ஜப்பான், அக்டோபர், ரெண்டு பேரு. பாஸ்போர்ட்ட எடு தங்கச்சி.”

அவள் கைப்பையைத் திறந்து பாரியின் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

“உன்னுது?” என்றான் டில்லிபாபு.

“ஒரு டிக்கெட் போதும்ணா.”