காற்று கூடியபோது

மருந்துக்காக நுண்ணுயிர்களை வளர்க்கும் தொட்டியில், கலக்கியின் சத்தம் திடீரென்று லேசானதைக் கேட்டு, தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் மரியபுஷ்பம் ஓடிவந்தாள். திரவத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

"காத்த இன்னும் தெறந்து விடுங்கம்மா. ஆறு நாளா வளந்தது, உள்ள எல்லாம் மூச்சுமுட்டிச் செத்துரும்" என்றார் புதிய மேலாளர் தணிகைவேல்.

"காத்து கூடிப்போச்சு சார். கலக்கியோட பிளேடச் சுத்திக் காத்துதான் நிக்குது. தண்ணியக் கலக்காம பிளேடு சும்மா சுத்துது."

சொல்லிக்கொண்டே காற்று வரும் வால்வைப் பாதி மூடினாள். முள் இன்னும் இறங்கியது.

"யாரக் கேட்டு மூடுனீங்க? தெறங்க."

"ரெண்டு நிமிஷம் சார்."

அவள் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் அவரே கையை நீட்டினார். அப்போது கலக்கியின் சத்தம் மெல்லக் கனத்தது. முள் நின்றது, ஏறவில்லை. வால்வை நோக்கி வந்த அவர் கையும் பாதியில் நின்றது.