சர்க்கரை போடாத டீ

கரகரக்கும் குரலால் வகுப்பில் 'தவளை' என்று பெயர் வாங்கியவன், சாயங்கால வெயில் விழும் பீரோ கண்ணாடி முன் நின்று, சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டு, நாளைக்குக் கூடப் படிக்கும் பெண்ணிடம் கேட்கவேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். "டீ குடிக்கலாமா?" கீச்சென்கிறது. கனைத்துக்கொள்கிறான். "டீ குடிக்கலாமா?" பாதியில் உடைகிறது. மூன்றாவது தடவை குரல் எங்கிருந்தோ கனமாக வந்து விழ, அவனே அசந்துபோகிறான். "இதோ கொண்டுவரேங்க," என்று அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. டம்ளரோடு வந்த அம்மா, கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். சர்க்கரை வியாதிக்காரரான அப்பா இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. டம்ளரில் ஆவி பறக்கிறது. அவன் வாங்கி ஒரு வாய் குடிக்கிறான். "சர்க்கரை போடலடா," என்கிறாள், தரையைப் பார்த்தபடி. "சரியாத்தாம்மா இருக்கு," என்கிறான், அந்தக் கனத்த குரல் மறுபடி வந்துவிடாதபடி தொண்டையை இறுக்கிக்கொண்டு.