காது மாமா கேட்ட வண்டி

பானெட்டைத் தூக்கியதும் சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். காது மாமா இன்ஜினைக் கேட்கப்போகிறார்.

கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை அவர் பிரித்தெடுத்த தோரணையைப் பார்த்தால், உள்ளே யாருக்கோ ஆபரேஷன் என்று நினைத்துவிடுவோம்.

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகளுக்குக் கொட்டாவி வந்தது.

வண்டி அவளுக்குத்தான். காலையில் இரண்டு பிள்ளைகளையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடப்போகிறவள் அவள். பழைய வண்டி என்பதால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டிவிடலாம் என்றாள். புருஷனுக்கு முகம் சுண்டிப்போனது. காது மாமா உயிரோடு இருக்கும்போது மெக்கானிக்கா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

காது மாமா புருஷனுக்குத் தாய்மாமன். ஆயுசில் பாதியை ஒரு மில்லின் ஜெனரேட்டர் அறைக்குள் கழித்தவர். காதை வைத்தே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுவார் என்று அந்தக் காலத்தில் எடுத்த பெயர். அதற்கப்புறம் குடும்பத்தில் அவர் கேட்காமல் ஒரு வண்டியும் வாசலுக்கு வந்ததில்லை.

கொழுந்தனின் வண்டியும் அவர் கேட்டதுதான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பிரேக் பிடிக்காமல் பெட்ரோல் பங்க் சுவரில் போய் மோதியது. அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று குடும்பமே கூடி முடிவுசெய்தது. இதோ, இன்றைக்கும் அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்து பயபக்தியோடு நிற்கிறான்.

மாமாவிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது. ஒரு சின்னச் சிரிப்பு வரும். பெரிய மனுஷன் அப்படித்தான் என்பார்கள்.

இன்று ஷெட்டுக்குள் அவரைக் கண்டதும், வண்டியை விற்கிற புரோக்கருக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. தானே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். டீ வரவழைத்தார். விலையைப் பற்றிப் புருஷன் மெல்ல இழுத்தபோது, மாமா கேட்கிற வண்டிக்குப் பேரம் பேசுவது மாமாவையே பேரம் பேசுவது மாதிரி என்றார். புருஷன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவர்கள் டீயை உறிஞ்சிய நேரத்தில் அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். நான்கு டயரும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. அதில் ஒன்றுக்கு முழு வழுக்கை. பின் சீட்டு பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். சட்டென்று பிடித்து நிற்கவேண்டிய பெல்ட், ரிப்பன் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

சொன்னாள்.

பின்னால் உட்காருகிறவர்கள் யாரம்மா பெல்ட் போடுகிறார்கள் என்று புரோக்கர் சிரித்தார். கூடவே சிரித்த புருஷன், சீட் கவரைத் தடவிக்கொடுத்து, புத்தம் புதுசு என்றான். அவனுக்கு அந்த வண்டியில் பிடித்ததே சீட் கவரும், ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த வாசனைக் குப்பியும்தான். அந்த இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"மாமா காது வெக்கிற எடத்துல உனக்கென்ன பேச்சு? போய் ஆக்சிலேட்டர மிதி, போதும்," என்றான் அவளிடம்.

அப்படித்தான் அவள் ஸ்டியரிங் முன்னால் வந்து உட்கார்ந்தது.

சாவியைத் திருகினாள். இன்ஜின் இருமிக்கொண்டே கிளம்பியது. மாமா குனிந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடினார். தூக்கிய பானெட் மறைத்ததால் அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூடிய கண்ணோடு மாமா. அடக்கிய மூச்சோடு மற்றவர்கள். பரீட்சை முடிவு வரப்போவது போல ஒவ்வொரு முகமும்.

மாமாவின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

அப்போது இன்ஜின் ஒருமுறை குலுங்கி, விக்கி, அப்படியே நின்றுபோனது.

மேலே தகரக் கூரையில் புறா நடப்பதுகூடக் கேட்டது.

மாமாவின் தலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பட்டு மாதிரி ஓடுது," என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. வேறு யாராவது முதலில் சிரிக்கட்டும் என்று முகங்களைப் பார்த்தாள்.

ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. புரோக்கர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

புருஷன் கதவுப் பக்கம் வந்து குனிந்தான்.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணு. மாமா கண்ணத் தெறக்கறதுக்குள்ள."

குரலில் ஒரு பதற்றமும் இல்லை. டீ ஆறிப்போகுது, குடி என்பது மாதிரி சொன்னான்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். நேரே நடந்துபோய் புரோக்கரின் கையில் அதை வைத்தாள்.

"என் புள்ளைங்க இதுல ஏறாது."

மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

பானெட்டுக்கு அடியிலிருந்து மாமா ஒரு விரலை உயர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் மிதிம்மா."